நாரைகள் வரும்வரை பேசாதவள்

என் மகளுக்குப் பதினான்கு வயது நடந்தபோது ஒரு தடித்த புத்தகம் அவள் கையோடு ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூட நூலகத்தில் எடுத்த டேனிஷ் புத்தகம். அட்டையில் பட்டுச் சட்டை போட்ட ஒரு சீனப் பெண்பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டு, தலைக்கு மேலே பறக்கும் ஐந்து நாரைகளை அண்ணாந்து பார்த்தபடி நிற்பாள். சாப்பாட்டு மேசையிலும் அந்தப் புத்தகம்தான், காரின் பின் சீற்றிலும் அந்தப் புத்தகம்தான். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

"கணக்கில நாலு எடுத்துக்கொண்டு வந்து நிக்கிறாய், உனக்குச் சீனாக்காரியின்ர கதை கேக்குதோ?"

அவள் தலையை நிமிர்த்தாமலே டேனிஷில் ஏதோ சொல்வாள். நான் தமிழில் ஏசுவேன், அவள் டேனிஷில் திருப்பித் தருவாள். எங்கள் வீட்டுச் சண்டை எப்போதும் இரண்டு மொழியில்தான் நடக்கும். என் கோபம் மூக்கு நுனியில் இருக்கிற கோபம், அதை நான் மறைக்கப் போவதில்லை. அவளுக்கும் என் வாய்தான் வாய்த்திருந்தது. அவள் பதிலுக்குப் பதில் சொல்லும்போது உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோசம்கூட இருந்தது. சரி, என் பிள்ளைதான்.

அது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு. நாங்கள் கிரின்ஸ்டெட்டில் இருந்தோம். நானும் மனுசனும் ஒரே தொழிற்சாலையில் வேலை. நான் விடிய ஐந்து மணி முறைக்குப் போய் மத்தியானம் வந்துவிடுவேன், அவர் பின்னேர முறை. என்னுடைய ஒரே தம்பி யுத்தம் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தான், பெண்சாதியோடும் ஒரு பெண்பிள்ளையோடும்.

கடைசியாக அவன் எங்களோடு கதைத்தது மாசி மாதத் தொடக்கத்தில். யாரிடமோ சற்றலைற் போனைக் கெஞ்சி வாங்கி மூன்று நிமிடம் கதைத்தான். இடம் மாறிவிட்டோம், பதுங்குகுழிக்குள் இருக்கிறோம், பயப்படாதேயுங்கோ என்றான். பிறகு, "எங்க என்ர மருமகள்? அவளிட்டக் குடுங்கோ" என்றான். மகள் காது சிவக்க வந்து போனை வாங்கினாள். அவன் என்ன கேட்டானோ தெரியாது. அவளுக்கு விளங்கியது, ஆனால் தன் தமிழ் வெட்கம். "ஹலோ மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு நெருப்பைத் தொட்டவள்போல போனை என் கையில் திணித்துவிட்டாள். அவன் சிரித்தான். "என்னக்கா, பிள்ளைக்கு வாயில்லையோ?" என்றான். அத்தோடு இணைப்பு அறுந்தது.

நான் அவளை வாயில் வந்தபடி ஏசினேன். "ரெண்டு வார்த்தை கதைச்சால் உன்ர வாயிலயிருந்து முத்து உதிர்ந்து போயிடுமோ? அந்த மனுசன் சாகக் கிடக்குது அங்க!" அந்த வார்த்தையை நான் சொன்னேன். ஒரு பிள்ளைக்குச் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

பாஸ்கா, ஈஸ்டர் விடுமுறை, முடிந்த பிறகு வீடு வீடாக இருக்கவில்லை. ஒரு பக்கம் தொலைக்காட்சி, ஒரு பக்கம் கணினியில் பெயர்ப் பட்டியல்கள், படங்கள். நான் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தம்பியின் முகத்தைத் தேடுவேன். எப்போதும் என் கையில் போன். அவன் எடுக்கிற நேரத்தில் லைன் வேறு யாரிடமும் போய்விடக்கூடாது என்று டேனிஷ் இலக்கங்களில் இருந்து வந்த அழைப்புகளை எல்லாம் வெட்டி எறிந்தேன். சமைத்தால் சாப்பிட மறந்தேன், அடுப்பை மூட்டினால் அணைக்க மறந்தேன். மகள் பேசாமல் வந்து அணைத்துவிட்டுப் போவாள், கோப்பைகளைக் கழுவி வைப்பாள், எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தருவாள். பரவாயில்லை, வீட்டு நிலைமை விளங்கி வாய்காட்டாமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். உண்மையில் நிம்மதியாகவும் இருந்தது.

சித்திரை மாதச் சனிக்கிழமை ஒன்றில், யுத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்கும் ஊர்வலத்துக்காக எல்லோருமாகப் பஸ் பிடித்துக் கொப்பன்ஹேகனுக்குப் போனோம். போக நாலு மணித்தியாலம், வர நாலு மணித்தியாலம். மகள் என் பக்கத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். யார் எதைக் கேட்டாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். பெரியவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுத்தாள். பின் சீற்றில் இருந்த ஒரு பெண் என் தோளைத் தட்டினா.

"பிள்ளையை நல்லா வளத்திருக்கிறியள். எங்கட வீட்டில இருக்கிறதுகள் வாய் திறந்தால் மூடாதுகள். இது என்ன அடக்கம், என்ன அமைதி!"

தம்பி இருக்கிறானா செத்தானா என்று தெரியாத அந்த நாளிலும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நாங்கள் ஊரில வளந்த மாதிரித்தான் வளக்கிறம்" என்று சொன்னேன். எனக்கா, அடக்கமாக வளர்ந்தது? என் வாயைக் கேட்டு அயல் நாயும் குரைக்காது. ஆனாலும் சொன்னேன். பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் அவள் ஒரு நல்ல பிள்ளை. அத்தனை பேரில் ஒருவருக்கும் வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த கிழமை வகுப்பாசிரியை தொழிற்சாலைக்கே போன் எடுத்துவிட்டா. என் போனுக்கு எத்தனையோ முறை எடுத்திருக்கிறா, நான்தான் வெட்டிவிட்டேனே. உடனே வர முடியுமா என்று கேட்டா. கையுறையையும் தொப்பியையும் கழற்றி எறிந்துவிட்டுக் காரை எடுத்தேன்.

ஆசிரியை எனக்குக் கோப்பி ஊற்றித் தந்துவிட்டு மெதுவாகச் சொன்னா. உங்கள் மகள் ஈஸ்டர் விடுமுறை முடிந்து வந்த நாளில் இருந்து பாடசாலையில் ஒரு வார்த்தை பேசவில்லை. கேள்விக்கு விடையை எழுதிக் காட்டுகிறாள். கூட்டாளிப் பிள்ளைகளோடும் இல்லை. வீட்டில் எப்படி?

"வீட்டில எல்லாம் வழமை மாதிரித்தான்" என்று டேனிஷில் சொல்லத் தொடங்கினேன். கடைசியாக நான் அவளின் குரலை எப்போது கேட்டேன்? நேற்று? இல்லை. ஊர்வலத்தில்? இல்லை. நான் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தேன், ஒரு சொல்லும் அகப்படவில்லை. இரண்டு கிழமையாக என் வீட்டுக்குள் என் பிள்ளை பேசவில்லை, பெற்றவளுக்கு அது தெரியாது. மாதாவே! அந்த டேனிஷ்காரிக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. எனக்கு அவளின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

காருக்குள் ஏற்றி வைத்துக்கொண்டு நான் செய்யாத கூத்தில்லை. கத்தினேன், கெஞ்சினேன், "உனக்கென்ன விசரே?" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் அழவில்லை. பையில் இருந்து பேனையை எடுத்துக் கொப்பியில் டேனிஷில் ஒரு வரி எழுதி நீட்டினாள். அவளுக்குத் தமிழ் எழுத வராது.

மாமா போன் எடுக்கும்வரை பேச மாட்டேன் என்று எழுதியிருந்தாள்.

பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருசத்தில் நான் முழுதாக வாசித்த முதல் டேனிஷ் புத்தகம் அது. வேலை முடிந்து வந்து குசினி மேசையில் இருந்து வாசித்தேன். தெரியாத சொல்லுக்குக் கணினியைத் தட்டிப் பார்த்தேன். ஐந்து நாள் பிடித்தது. ஒரு பழைய தேவதைக் கதையைக் கொண்டுபோய்ப் பழங்காலச் சீனாவில் நட்டு வைத்திருந்தார்கள். ஆற்றோரம் ஒரு முசுக்கொட்டைத் தோட்டம். தாய் தகப்பன் இல்லாத ஒரு பெண், அவளுக்கு ஐந்து தமையன்மார். அரசனின் ஆட்கள் ஐந்து பேரையும் எல்லைச் சுவருக்குச் சண்டை பிடிக்கக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஒரு கிராமத்தைக் கொளுத்தச் சொன்னபோது அவர்கள் மறுக்கிறார்கள். சேனாதிபதியின் மந்திரக்காரன் அவர்களை நாரைகளாக்கிவிடுகிறான். ஆற்றில் இருந்து ஒரு கிழவி எழும்பி வந்து தங்கைக்கு வழி சொல்கிறாள். அவர்கள் திரும்பி வரும்வரை நீ வாய் திறக்கக்கூடாது. உன் வாயில் இருந்து ஒரு சத்தம் வந்தால், ஒரு நாரை வானத்தில் இருந்து விழும்.

அந்த இடத்தில் நான் வாசிப்பை நிறுத்திவிட்டு எழும்பி நின்றேன். இது பிடிவாதம் இல்லை. தான் வாய் திறந்தால் மாமா செத்துப்போவார் என்று என் பிள்ளை நம்பிக்கொண்டிருந்தாள்.

மிச்சத்தையும் வாசித்தேன். அந்தப் பெண்ணை ஒரு அதிகாரியின் வீட்டில் கட்டிக் கொடுக்கிறார்கள். விடிய எழும்பி மாமியாருக்கு முன்னால் குனிந்து வணங்கித் தேநீர் ஊற்ற வேண்டும். எல்லாரும் சாப்பிட்டு முடியும்வரை சுவரோடு நிற்க வேண்டும். முன்னோரின் பெயர்ப் பலகைகளுக்குச் சாம்பிராணி காட்ட வேண்டும். மூன்று வருசமாக அவள் ஒரு சொல்லும் பேசாமல் இதையெல்லாம் செய்கிறாள். ஊமை என்றுகூட அந்த வீட்டில் ஒருவரும் நினைக்கவில்லை. மாமியார் விருந்துக்கு வந்தவர்களிடம் பெருமை பேசுகிறாள்: என்ன அடக்கம், என்ன அமைதி, இப்படி ஒரு மருமகள் யாருக்குக் கிடைக்கும்!

எத்தனையோ நூறு வருசத்துக்கு முந்தின சீன வீடு, இந்தப் புத்தகத்தை எழுதியவர் ஒரு தமிழரைக்கூடக் கண்டிருப்பாரோ தெரியாது, ஆனால் அந்தப் பஸ்ஸின் பின் சீற்றை அப்படியே எழுதி வைத்திருந்தார். நான்தான் அந்த மாமியார். மகள் இதை எங்களுக்கு முதலே வாசித்துவிட்டாள். எங்களை நன்றாக எடைபோட்டுப் பார்த்துவிட்டு, இவர்களின் வீட்டில் இது நடக்கும், ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் தொடங்கியிருக்கிறாள். தமிழில் இரண்டு சொல் சேர்த்துக் கதைக்க வெட்கப்பட்ட பிள்ளை, கண்ணால் காணாத ஒரு மாமனுக்காக மொழியையே கீழே வைத்துவிட்டாள். நான் என்ன செய்தேன்? மெழுகுதிரி கொளுத்தினேன், தொலைக்காட்சிக்கு முன்னால் மாரடித்தேன். இவள் செய்ததுக்குப் பக்கத்தில் அதெல்லாம் எந்த மூலைக்கு?

கதையின் முடிவில் அவளைச் சூனியக்காரி என்று கொலைக்களத்துக்குக் கொண்டுபோகிறார்கள். கழுத்தில் கத்தி வைத்தபோதும் அவள் வாய் திறக்கவில்லை. நாரைகள் வருகின்றன. புத்தகத்தை மூடிவிட்டு மூக்கைச் சிந்தி அழுதேன். பிறகு கோபம் வந்தது. கதையில் நாரை வரும். வன்னிக்கு மேலே அந்தக் கிழமை பறந்தவை நாரைகள் இல்லை.

மனுசன் அவளுக்கு எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "அது கதை அம்மா, ஆரோ இருந்து யோசிச்சு எழுதினது" என்பார். அவள் தகப்பனின் கையைத் தடவிவிட்டுப் போய்விடுவாள். பாடசாலையில் இருந்து இன்னொரு முறை கூப்பிட்டார்கள். அடுத்த கிழமையும் இப்படியே இருந்தால் கொம்யூனுக்கு அறிவிக்க வேண்டி வரும் என்றார்கள், மரியாதையாகத்தான் சொன்னார்கள். கொம்யூன் என்றால் நகரசபை, பிள்ளையைப் பிரித்துக் கொண்டுபோய்விடும் என்று எங்கள் ஆட்களுக்குப் பயம். ஆனால் என் பயம் அது இல்லை. தம்பி எடுக்காமலே போனால் இவள் என்ன ஆவாள்? ஒரு மாதமா, ஒரு வருசமா, சாகும்வரையா? தம்பியை என்னால் காப்பாற்ற முடியாது. இவளையாவது திருப்பி எடுக்க வேண்டும்.

வைகாசி, அதாவது மே மாதம், தொடங்கி முதல் வியாழக்கிழமை. வேலை முடிந்து வந்து காரை வாசலில் நிறுத்திவிட்டு, கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துப் பழகினேன். உள்ளே அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு நின்றாள். நான் ஓடிப்போய்க் கையைத் தட்டினேன்.

"பிள்ளை! மாமா எடுத்தவர்! இப்ப, வேலையில நிக்கேக்க. சுகமா இருக்கினமாம். மாமி, மச்சாள் எல்லாரும் சுகமாம். உன்னையும் கேட்டவர். லைன் கட்டாப் போச்சு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அதுவரை கண்டதில்லை. கண்ணை, வாயை, திரும்பவும் கண்ணை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்குச் சிரித்துச் சிரித்துக் கன்னம் நொந்தது. பிறகு அவள் வாயைத் திறந்தாள். குரல் துருப்பிடித்துப்போய் இருந்தது.

"நீங்கள் சாப்பிட்டீங்களா அம்மா?"

தமிழில். என் பிள்ளை தமிழில் கேட்டாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழறி அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொண்டு நின்றாள். பிறகு எனக்குச் சோறு போட்டுத் தந்து, நான் சாப்பிட்டு முடியுமட்டும் பக்கத்தில் இருந்தாள்.

அன்று மனுசன் என்னைப் பிடித்து ஏசினார். "நாளைக்கு அவன் எடுக்காட்டில் என்ன சொல்லப் போறாய்?"

"எடுப்பான். எடுக்காமல் எங்க போறான்? என்ர பொய் உண்மையாகும், இருந்து பாருங்கோ" என்றேன். உண்மையில் நம்பித்தான் சொன்னேன்.

அவள் அதற்குப் பிறகு எங்களோடு தமிழில்தான் கதைத்தாள். தட்டித் தடவி, சொல்லுக்குச் சொல் தேடி. பாடசாலையிலும் பேசினாள். பதினொரு நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை யுத்தம் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். அந்த நாளைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. போன் அடிக்கவில்லை. அவள் மாமாவைப் பற்றி ஒரு முறையும் கேட்கவில்லை. லைன் கிடைக்காமல் இருக்கும் என்று நானாகச் சொன்னால், "ஓம் அம்மா" என்பாள்.

ஆடி மாதம், ஒரு காலையில், தம்பி பெண்சாதி முகாமுக்குள் இருந்து யாருடைய போனிலோ எடுத்தாள். அவளும் பிள்ளையும் இருக்கிறார்கள். அவன் இல்லை. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஷெல் விழுந்ததாம். எப்போது என்று கேட்டேன். அவள் அந்த நாளை மறக்கவில்லை, முகாமில் இருந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள். சொன்னாள். வைகாசி எட்டாம் திகதி, வெள்ளிக்கிழமை.

என் மகள் வாய் திறந்த வியாழனுக்கு அடுத்த நாள்.

நான் போனைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டேன். தம்பிக்காக அழ வேண்டிய நேரத்தில், ஐயோ கடவுளே, இந்தப் பிள்ளைக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்றுதான் மனம் அடித்தது.

அன்று பின்னேரமே அவளுக்குச் சொன்னேன். இதை மறைக்க முடியாது. கையைப் பிடித்துக்கொண்டு, மாமா இல்லையாம் அம்மா என்றேன். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எண்டைக்கு?"

பூசைக்குத் திகதி கேட்கிறாள் என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, அவள் அந்த வியாழக்கிழமையை எண்ணிப் பார்க்கிறாள்.

"அண்டைக்கு மாமா எடுக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றாள்.

"பிறகேனடி கதைச்சனீ?"

"நீங்கள் சாப்பிடாமல் இருந்தீங்கள். சிரிச்சுக்கொண்டு நிண்டீங்கள். எனக்குப் பாக்கேலாமல் இருந்தது."

ஒரு சொல் சொன்னால் மாமா விழுவார் என்று நம்பிக்கொண்டே, தாயைப் பார்க்கப் பொறுக்காமல், அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறாள். இரண்டு மாதமாக அதைத் தனியாகச் சுமந்துகொண்டு எங்களோடு தமிழில் கதைத்திருக்கிறாள், கோப்பை கழுவியிருக்கிறாள், "ஓம் அம்மா" என்றிருக்கிறாள். நான் பெற்ற பிள்ளையா இது? என் வயிற்றில் எப்படி இது வந்து பிறந்தது? அவளுக்கு முன்னால் முழங்காலில் விழ வேண்டும்போல இருந்தது.

"பங்குனியில" என்றேன். "நீ துவங்க முதலே அம்மா. பாஸ்காவுக்கு முதலே. உன்ர பேச்சுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கண்ணை, வாயை, திரும்பவும் கண்ணை. நான் அசையவில்லை.

"சரி அம்மா" என்றாள். பிறகுதான் அழுதாள், சத்தம் போட்டு, முழு வீடும் கேட்க.

அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஒவ்வொரு வருசமும் பங்குனியில் தம்பிக்குப் பூசை கொடுக்கிறோம். அங்கே அவன் பெண்சாதி வைகாசியில் கொடுக்கிறாள். பாவம், நான் கேட்டுக்கொண்டபடி அவள் என் மகளிடம் ஒரு நாளும் திகதி சொன்னதில்லை. ஆனால் என் மகளும் தம்பியின் மகளும், மச்சாளும் மச்சாளும், இப்போது கிழமைக்குக் கிழமை போனில் கதைக்கிறார்கள். அவர்களுக்குள் என்னென்ன கதைப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் மகள் இப்போது ஒடென்சேயில் வேலை செய்கிறாள். பங்குனிப் பூசைக்குத் தவறாமல் வருவாள், முன் வரிசையில் எனக்குப் பக்கத்தில் இருப்பாள். வைகாசியில், அந்த வெள்ளிக்கிழமைத் திகதியில், ஒவ்வொரு வருசமும் போன் எடுப்பாள். "ஒண்டுமில்லை அம்மா, சும்மா எடுத்தனான்" என்பாள். பிறகு வேலையைப் பற்றி, மழையைப் பற்றி, கறிக்கு என்ன போட்டாள் என்பது பற்றி, ஒரு மணித்தியாலம் நிறுத்தாமல் தமிழில் கதைப்பாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்று சொல்லுவேன்.